கேமரன் மலைக்கு முதல் முறை காரில் போகிறவருக்கு

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் பள்ளி விடுமுறையில் ஐந்து நாள், மலேசியாவின் கேமரன் மலைக்கு. சிங்கப்பூர்ப் பதிவு கொண்ட ஏழு இருக்கை ஹைப்ரிட் கார். நீங்களும் மனைவியும் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நிரந்தரவாசிகள், எட்டு வயதிலும் ஐந்து வயதிலும் பிள்ளைகள், தஞ்சாவூரிலிருந்து வந்து உங்களோடு தங்கியிருக்கும் அம்மா. அம்மாவுக்கு நாலு வளைவு தாண்டினால் குமட்டல். நீங்கள் ஜோகூர் பாருவைத் தாண்டி ஓட்டியதில்லை. அலுவலக நண்பர், "விடியக் கிளம்பினால் சாயங்காலம் கேமரன் மலையில் டீ குடிக்கலாம்" என்கிறார். போகலாமா, எந்தப் பாதை?

போகலாம். ஆனால் ஒரே நாளில் வேண்டாம்.

நண்பர் பொய் சொல்லவில்லை. நானும் அப்படிப் போயிருக்கிறேன், ஒன்றுக்கு மேற்பட்ட முறை. கூகல் வரைபடம் எட்டு மணி நேரம் என்று காட்டும். அந்த எட்டு மணி நேரமும் ஒரே மாதிரி இல்லை என்பதை மட்டும் அது காட்டாது. முதல் ஆறரை மணி நேரம் நேரான நெடுஞ்சாலை. கடைசி ஒன்றரை மணி நேரம் மலை. அந்தக் கடைசிப் பகுதி உங்கள் கண் களைத்து, பிள்ளைகள் பொறுமை இழந்து, மதியச் சாப்பாடு அம்மாவின் வயிற்றில் புரண்டுகொண்டிருக்கும் நேரத்தில் வரும். மலையில் பிற்பகல் மழையும் பனிமூட்டமும் இறங்குவதும் அதே நேரம்தான். அதனால் பயணத் திட்டத்தைச் சிங்கப்பூர் எல்லையான உட்லண்ட்ஸிலிருந்து தொடங்காதீர்கள். மலை அடிவாரத்தில் எத்தனை மணிக்கு நிற்கப் போகிறீர்கள் என்பதை முதலில் எழுதுங்கள். காலை ஒன்பது. வயிறு பாதி, தூக்கம் முழுசு. மற்ற எல்லாவற்றையும் அங்கிருந்து பின்னோக்கிப் போட்டுக்கொண்டு வாருங்கள்.

சிங்கப்பூரில் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது ஏன் முக்கியம் என்றால், நமக்கு மலையே கிடையாது. நம் ஊரின் உச்சி புக்கிட் தீமா, 163 மீட்டர். வீவக (அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு) மாடிக் கார்பார்க்கின் சரிவுப் பாதைதான் நம்மில் பலருக்குத் தெரிந்த கொண்டை ஊசி வளைவு. கேமரன் மலையின் தானா ராத்தா ஊர் சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

மலைக்கு மேற்குப் பக்கமிருந்து இரண்டு பாதைகள். தெற்கே தாப்பாவிலிருந்து ஏறுவது பழையது, பிரிட்டிஷ் காலத்தில் 1930 வாக்கில் போட்டு முடித்தது. ஒடுங்கிய சாலை, இருபுறமும் காடு தலைக்கு மேல் கவிந்திருக்கும், ஒரு வளைவு முடியுமுன் அடுத்தது தொடங்கிவிடும். வழியில் லாத்தா இஸ்கந்தார் அருவி சாலையோரத்திலேயே விழும். பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி மக்கள் மூங்கில் கொட்டகை போட்டுப் பெத்தாய் என்ற காட்டு அவரைக் கொத்துகளும் காட்டுத் தேனும் விற்பார்கள். எனக்குப் பிடித்தது இந்தப் பாதைதான். ஆனாலும் உங்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

வடக்கே, இப்போ (Ipoh) நகருக்குச் சற்றுத் தெற்கில் சிம்பாங் பூலாய். அங்கிருந்து ஏறும் சாலை பிற்காலத்தது, அகலமானது. வளைவுகள் பெரிதாகவும் நீளமாகவும் வரும், ஏறுமிடங்கள் பலவற்றில் முந்துவதற்குத் தனித் தடம் உண்டு. தூரம் கூடுதல். சிங்கப்பூரிலிருந்து பார்த்தால் தாப்பாவைத் தாண்டி வடக்கே போய்த் திரும்பி வருவதாகத்தான் தோன்றும். அந்தச் சுற்று அம்மாவின் வயிற்றுக்காக. போகவும் வரவும் சிம்பாங் பூலாய்தான் உங்களுக்கு. தாப்பா அடுத்த முறைக்கு இருக்கட்டும்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், முதல் முறை நான் தாப்பா வழியாகத்தான் இறங்கினேன். கியரை 'டி'யிலேயே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக்கை மிதித்து மிதித்து வந்தேன். ரிங்லெட் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஏதோ கரிகிற வாடை. முன்னால் போகும் லாரியிலிருந்து வருகிறது என்று நினைத்தேன். லாரி ஒதுங்கி வழிவிட்ட பிறகும் வாடை போகவில்லை. மிதித்தால் பிரேக் வழக்கத்தைவிட ஆழமாகப் போனது. அருவிப் பக்கம் வண்டியை ஒதுக்கி நிறுத்தி இறங்கினால், முன் சக்கரங்களிலிருந்து லேசாகப் புகை. போத்தல் தண்ணீரை எடுத்து ஊற்றப் போனேன். பக்கத்தில் காய்கறி லாரியை நிறுத்திவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்த தமிழ் ஓட்டுநர் ஒருவர் அங்கிருந்தே கத்தினார்: "தண்ணி ஊத்தாதீங்க தம்பி, தட்டு வளைஞ்சிரும்!" அப்புறம் வந்து சக்கரத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, முக்கால் மணி நேரம் ஆறட்டும் என்றார். கிளம்பும்போது அவர் சொன்ன ஒரு வரியைத்தான் இன்றுவரை பிடித்துக்கொண்டிருக்கிறேன்: "எந்த கியர்ல ஏறுனீங்களோ அதே கியர்ல இறங்குங்க."

ஆட்டோ கியரில் அதற்கு என்ன அர்த்தம்? உங்களுடையது ஹைப்ரிட் என்பதால் கியர் பிடியில் பெரும்பாலும் 'பி' (ஆங்கில B, வண்டியை நிறுத்தும் P அல்ல) என்று ஒரு நிலை இருக்கும். சாதாரண ஆட்டோவில் 'எல்', 'எஸ்' அல்லது '2'. சிங்கப்பூரில் அதைத் தொடவே தேவையிருக்காது. இறக்கத்தில் அதைப் போட்டால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், பிரேக்குக்கு வேலை குறையும். பிரேக்கை மிதிக்கும்போதும் வளைவுக்கு முன் ஒருமுறை அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுங்கள். நீளத்துக்கும் லேசாகத் தேய்த்துக்கொண்டே வருவதுதான் சூட்டை ஏற்றும். கிளம்புவதற்கு முந்திய வாரம் ஏதாவது ஒரு மாடிக் கார்பார்க்கில் இந்த நிலையை ஒருமுறை போட்டுப் பாருங்கள். மலையில் வைத்துக் கற்றுக்கொள்ள வேண்டாம்.

இனி காகித வேலை. இதில்தான் பலர் சோதனைச்சாவடியிலேயே மாட்டுகிறார்கள்.

காருக்கு மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி, எல்லாரும் விஇபி என்று சொல்வது, கட்டாயம். 2025 ஜூலை 1 முதல் அது இல்லாத சிங்கப்பூர்க் கார்களுக்கு 300 ரிங்கிட் அபராதம் போடுகிறார்கள். வில்லை வந்து சேரவும் ஒட்டவும் நாள் பிடிக்கும், அதனால் இன்றே விண்ணப்பியுங்கள். சுங்கக் கட்டணத்துக்கு டச் அண்ட் கோ அட்டை வேண்டும். தொலைபேசி வழியாகப் பணம் போடக்கூடிய புதுவகை அட்டையாக வாங்குங்கள், இல்லையென்றால் எங்கே நிரப்புவது என்று நடுவழியில் தேடுவீர்கள். எல்லையில் சாலைக் கட்டணம் 20 ரிங்கிட்டும் அந்த அட்டையிலிருந்தே போகும். பெட்ரோல் தொட்டி முக்கால் பங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது நம் பக்கத்துச் சட்டம், மீறினால் 500 வெள்ளி வரை அபராதம். மலேசியாவில் நிரப்பும்போது ரான் 97 ரகப் பெட்ரோல்தான். மஞ்சள் நிறக் குழாய், அதாவது மானிய விலை ரான் 95, வெளிநாட்டுப் பதிவு கார்களுக்குக் கிடையாது. காப்புறுதி நிறுவனத்துக்கும் ஒரு போன் போட்டு, மேற்கு மலேசியா முழுக்கச் செல்லுமா, இழுவை வண்டி அங்கே வருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆட்களுக்கு: இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு 2023 டிசம்பர் முதல் மலேசியா 30 நாள் விசா விலக்கு தருகிறது, 2026 இறுதி வரை அதை நீட்டித்திருக்கிறார்கள். ஆனால் மலேசிய மின்னிலக்க வருகை அட்டையை, போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள், ஐந்து பேருக்கும் தனித்தனியாக நிரப்ப வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு அதிலிருந்து விலக்கு, உங்களுக்கு இல்லை. நண்பர் குடிமகனாக இருந்தால் இதை உங்களிடம் சொல்லாமல் விட்டிருப்பார்.

அம்மா விஷயம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். அவருடைய சிங்கப்பூர் விசா பலமுறை நுழைவதற்கானதா என்று எடுத்துப் பாருங்கள். ஒருமுறைதான் என்றால் எல்லையைத் தாண்டியவுடன் அது முடிந்துவிட்டது. பலமுறை என்றாலும், திரும்பி வரும்போது எத்தனை நாள் தங்கலாம் என்பதை குடிநுழைவு அதிகாரி புதிதாகத் தீர்மானிப்பார். ஊருக்குத் திரும்பும் விமானச் சீட்டின் நகல் கையில் இருக்கட்டும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இதைப் பார்க்காமல் கிளம்பி, விடுதிக்குக் கட்டிய பணத்தை விட்டுவிட்டுப் பாதி வழியில் திரும்பியது.

சரி, நாள் கணக்கு. செவ்வாய் கிளம்பி சனி திரும்புங்கள். வெள்ளி மாலையும் சனி காலையும் சிங்கப்பூரை விட்டு வெளியேறுவது நரகம், ஞாயிறு மாலை உள்ளே வருவதும் அப்படித்தான். இந்தக் கணக்கில் இரண்டிலும் நீங்கள் மாட்ட மாட்டீர்கள். செவ்வாய் அதிகாலை ஐந்துக்குள் எல்லையில் இருங்கள். உட்லண்ட்ஸை விட துவாஸ் நல்லது. 1998இல் திறந்த அந்த இரண்டாம் பாலம் வழியாகப் போனால் ஜேபி நகருக்குள் நுழையாமலேயே நெடுஞ்சாலையைப் பிடித்துவிடலாம். கட்டணம் கூடுதல்தான், பரவாயில்லை.

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 110 கிலோமீட்டர் வேக வரம்பு, செம்பனைத் தோட்டம், அப்புறம் இன்னும் செம்பனைத் தோட்டம். பசியாற மச்சாப் ஓய்விடத்திலோ பாகோ ஓய்விடத்திலோ நிறுத்துங்கள். வலது தடத்தில் மிதந்துகொண்டு போகாதீர்கள், பின்னால் வருபவர் விளக்கடித்தே உங்களை நகர்த்துவார். ஒன்றே ஒன்று கவனம்: கோலாலம்பூருக்குள் போகாதீர்கள். சிரம்பான் தாண்டி நீலாய் பக்கம் எலைட் நெடுஞ்சாலை பிரியும். அதைப் பிடித்து ஷா ஆலாம் வழியாக மேலே ஏறினால் நகரத்து நெரிசலைத் தொடாமல் ரவாங் பக்கம் வந்துவிடலாம். அவசரத்துக்கு நெடுஞ்சாலை உதவி எண் 1800880000.

எல்லையிலிருந்து இப்போ நகரம் சுமார் 550 கிலோமீட்டர். மூன்று முறை நிறுத்தினாலும் பிற்பகல் மூன்று நான்குக்குள் சேர்ந்துவிடலாம். அன்றிரவு தங்கல் அங்கேதான். கோப்பெங் தாண்டியதுமே சுண்ணாம்புக்கல் குன்றுகள் செங்குத்தாக எழும்பி நிற்கும். செம்பனையைப் பார்த்துச் சலித்த கண்ணுக்கு அதுவே பெரிய மாறுதல். சாயங்காலம் அம்மாவைக் குனோங் செரோவில் குன்றின் மடியில் இருக்கும் கல்லுமலை முருகன் கோயிலுக்கு அழைத்துப் போங்கள். இப்போவின் தைப்பூசம் அங்கேதான். பிள்ளைகளுக்குக் குகை பார்க்க வேண்டுமென்றால் கெக் லோக் தோங், உள்ளே நடந்து மறுபுறம் குளத்தோரமாக வெளியே வரலாம். இரவுச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துப் படுங்கள்.

புதன் காலை: அம்மாவுக்கு இட்லி இரண்டு, அதற்கு மேல் வேண்டாம். பால் காப்பி வேண்டாம், சுக்குத் தண்ணீர் கொடுங்கள். முன் இருக்கை அம்மாவுக்கு. மனைவி பின்னால் பிள்ளைகளோடு. இதில் மரியாதையைவிட வயிற்றுக் கணக்குத்தான் பெரிது, பின் இருக்கையில் ஆட்டம் அதிகம். பிள்ளைகளிடமிருந்து தொலைபேசியை வாங்கி வைத்துவிடுங்கள், குனிந்து திரை பார்த்தால் பத்தாவது வளைவில் வாந்தி. தேக்காவில் (லிட்டில் இந்தியா) வாங்கிய நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு சின்னப் புட்டியில் இருக்கட்டும். குமட்டல் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும், குமட்ட ஆரம்பித்த பிறகு அது வேலை செய்யாது. இரத்த அழுத்தம், கண் அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவராக இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

சிம்பாங் பூலாயில் பெட்ரோல் போட்டுவிட்டு ஏறுங்கள். ஏற்றத்தின் பாதியில் சன்னலை இறக்கி ஏசியை அணைத்துப் பாருங்கள், காற்று மாறியிருப்பது பிள்ளைகளுக்கே தெரியும். சாலையில் ஆங்காங்கே சரிவைச் சீர் செய்யும் வேலை நடக்கும், ஒரு தடத்தை மூடியிருப்பார்கள், பொறுமையாக நில்லுங்கள். மேலே ஏறி முடிந்ததும் கம்போங் ராஜா பக்கம் வலது கைக்குத் திரும்ப வேண்டும். பேச்சு சுவாரஸ்யத்தில் நேரே போய்விட்டால் கிளந்தானில் குவா மூசாங்தான். தொலைபேசிச் சமிக்ஞை விட்டு விட்டு வரும் இடம், வரைபடத்தை முதல் நாளே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. கம்போங் ராஜாவிலிருந்து கோலா தெர்லா, திரிங்காப் வரை நீங்கள் முதலில் பார்ப்பது தேயிலை அல்ல. மலைச் சரிவெல்லாம் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறிக் கொட்டகைகள். "இதற்கா வந்தோம்" என்று மனைவி கேட்பார். பிரிஞ்சாங் வரை பொறுத்திருக்கச் சொல்லுங்கள். தங்குவதற்கு பிரிஞ்சாங்கைவிட தானா ராத்தா அமைதி. அறை முன்பதிவு செய்யும்போது கார் நிறுத்துமிடம் சமதரையா என்று கேளுங்கள். ஒருமுறை நான் தங்கிய விடுதியில் நிறுத்துமிடம் கிட்டத்தட்ட ஏணி. காலையில் ஈரத்தில் வண்டி ஏறவில்லை.

வியாழன் முழு நாளும் மலைக்கு. காலை எட்டேகாலுக்கு வண்டியை எடுங்கள், சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்கு. உள்ளே போகும் சாலையில் இரண்டு கார் எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்கியே ஆக வேண்டும். பத்து மணிக்கு மேல் வேன்கள் வரிசை கட்டும், அப்போது ஒதுங்கும் வேலைதான் நடக்கும். இது 'போ' (BOH) என்ற தேயிலை நிறுவனத்தின் தோட்டம். அந்த நிறுவனத்தை ரஸ்ஸல் என்ற ஆங்கிலேயர் 1929இல் தொடங்கினார். திங்களன்று பொதுவாகப் பார்வையாளர்களுக்கு மூடியிருக்கும், நான் உங்களைச் செவ்வாய் கிளம்பச் சொன்னதற்கு இன்னொரு காரணம் அது. கண்ணாடிக்கு வெளியே சரிவில் நீட்டிக்கொண்டிருக்கும் மேடையில் உட்கார்ந்து எல்லாரும் படம் எடுப்பார்கள். நீங்கள் வழியிலேயே தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்கு அருகே வண்டியை மெதுவாக விடுங்கள். இந்தச் சரிவுகளில் கொழுந்து பறிக்கத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் கோயில்கள் இன்னும் தேயிலைக்கு நடுவே இருக்கின்றன. அம்மாவுக்கு அந்த மேடையைவிட அதுதான் பிடிக்கும் என்பது என் ஊகம். பிரிஞ்சாங்கில் தெண்டாயுதபாணி கோயிலும் இருக்கிறது.

பாசி படர்ந்த காட்டைப் பார்க்க குனோங் பிரிஞ்சாங் உச்சிப் பக்கம் போக வேண்டும், 2,000 மீட்டருக்கு மேல். அங்கே உங்கள் காரைக் கொண்டு போகாதீர்கள். குண்டும் குழியும் செங்குத்துமாக இருக்கும். ஊரில் பழைய லேண்ட் ரோவர்களை அரை நாள் வாடகைக்கு ஓட்டுகிறார்கள், அதில் போய் வாருங்கள். அம்மா தானா ராத்தாவில் வெயில் காய்ந்துகொண்டு இருக்கட்டும். காட்டு நடைபாதைகளில் பிள்ளைகளோடு தனியாக இறங்க வேண்டாம். தாய்லாந்துப் பட்டு வணிகர் ஜிம் தாம்சன் 1967 மார்ச் 26 அன்று இங்கே ஒரு பங்களாவிலிருந்து நடக்கப் போனவர், இன்றுவரை தடயமே இல்லை. இரவில் 15 டிகிரி வரை இறங்கும், அம்மாவுக்குக் கம்பளிச் சட்டையும் காலுறையும் வேண்டும். அறைகளில் சூடேற்றி பெரும்பாலும் இருக்காது. ஸ்ட்ராபெரி பறிப்பது பிள்ளைகளுக்கு அரை மணி நேர மகிழ்ச்சி, விலைக்கு ஏற்ற இனிப்பு இருக்காது, புளிக்கும்.

மழை பற்றி மட்டும் விளையாட்டில்லை. டிசம்பர் வடகிழக்குப் பருவமழைக் காலம். 2022 டிசம்பர் 16 அதிகாலை, கெந்திங் மலைக்குப் போகும் சாலையோரம் பாத்தாங் காலியில் கூடாரம் போட்டுத் தூங்கியவர்கள் மேல் மலைச்சரிவு விழுந்து 31 பேர் இறந்தார்கள். அதனால் கூடார ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள். முந்திய இரவு முழுக்கக் கொட்டினால், காலையில் விடுதிக்காரரிடம் சாலை நிலவரம் கேட்காமல் இறங்காதீர்கள். ஒரு நாள் கூடத் தங்க நேர்ந்தாலும் தங்குங்கள். சனிக்குப் பதில் ஞாயிறு விடியற்காலை வந்துகொள்ளலாம்.

வெள்ளி காலை பசியாறிவிட்டு அதே சாலையில் இறக்கம், கியர் 'பி'யில் (B). அடிவாரத்தில் ஐந்து நிமிடம் நிறுத்தி இறங்கி, சக்கரத்தை முகர்ந்து பாருங்கள். வாடை இல்லையென்றால் சரியாக ஓட்டியிருக்கிறீர்கள். இப்போ நகர்ப் பக்கம் தம்புன் பொமேலோ (பம்ப்ளிமாஸ்) வாங்கலாம், பீடோர் வழியாக வந்தால் விதையில்லாக் கொய்யா. அன்றிரவு மலாக்காவில் தங்கினால் சனிக்கிழமைக்கு மீதி இருப்பது இரண்டரை மணி நேரம்தான். எல்லாரும் சிங்கப்பூரை விட்டு வெளியே வந்துகொண்டிருக்கும் காலை நேரத்தில் நீங்கள் எதிர்ப்பக்கமாக உள்ளே போவீர்கள். நிரந்தரவாசிகளான உங்களுக்குத் தரைவழி வரும்போது சிங்கப்பூர் வருகை அட்டை தேவையில்லை. அம்மாவுக்குத் தேவை. வெள்ளி இரவு மலாக்காவில் பிள்ளைகள் தூங்கியபின் அவருடைய கடவுச்சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு அதை நிரப்பிவிட்டுப் படுங்கள்.